ஜூலை 4க்கு ஷார்க்கூட்ரி போர்டு: 24 பேர், டல்லாஸ் வெயில், ஆளுக்கு ஒன்று ஆகாது

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. நாங்கள் டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ பக்கம் இருக்கிறோம். இந்த ஜூலை 4 சனிக்கிழமை வருகிறது, அமெரிக்காவுக்கு 250 வயது நிறைகிற நாள் வேறு, அதனால் வீட்டுப் பின்பக்கம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறோம். மொத்தம் 24 பேர், அதில் ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம், கிரில் எட்டு மணிக்குத்தான், வாணவேடிக்கை நன்றாக இருட்டின பிறகு ஒன்பதரை வாக்கில். அந்த ஆறிலிருந்து எட்டு வரைக்கும் எல்லாரும் நின்று பேசிக்கொண்டே கொறிக்க ஒரு ஷார்க்கூட்ரி போர்டு (உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, சீஸ், பழம், கிராக்கர் எல்லாம் பலகையில் அடுக்கி வைப்பது) வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

சிக்கல் என்னவென்றால் வருகிறவர்கள் பட்டியல். எட்டு பேர் சுத்த சைவம், அதில் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் மாமியார் முட்டையும் சேர்க்க மாட்டார்கள். கணவரின் அலுவலக நண்பர் குடும்பம் நான்கு பேர், ஹலால் மட்டும்தான். மீதி 12 பேரில் பக்கத்து வீட்டு அமெரிக்கத் தம்பதி எல்லாம் சாப்பிடுவார்கள், எங்கள் ஆட்கள் பன்றி சாப்பிடுவார்கள், மாடு தொடமாட்டார்கள். என் சித்தி மகள் ஆறு மாதக் கர்ப்பிணி.

போன வருஷம் ஒரு தடவை செய்து பார்த்தேன். பெரிய மரப்பலகை ஒன்று வாங்கி, ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அடுக்கி, தோட்டத்தில் வைத்துவிட்டேன். ஆறே காலுக்கு ஆட்கள் வந்தபோது சலாமி இறைச்சி எண்ணெய் விட்டு மினுமினுவென்று இருந்தது, செடார் சீஸ் வியர்த்துக் கொட்டியது, நடுவில் வைத்த மென்மையான பிரீ சீஸ் பலகையில் ஓடி கிராக்கரை நனைத்துவிட்டது. சைவக்காரர்கள் சலாமி பட்டிருக்குமோ என்று திராட்சையைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு காசு போட்டு வாங்கியதைக் குப்பையில் கொட்டும்போது மனசு கஷ்டமாகிவிட்டது.

இந்தத் தடவை சரியாகச் செய்ய வேண்டும். எவ்வளவு வாங்குவது, எதை எங்கே வைப்பது, வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும், சைவத் தட்டில் என்னென்ன வைக்கலாம், செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.


புளிக்குழம்பு:

தோழி, நான் ஒரு மளிகைக் கடைச் சங்கிலியின் சீஸ் கவுண்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஜூலை 4க்கு முந்தின வாரம் எங்களுக்குத் தீபாவளி மாதிரிதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெரிய பலகையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் கூட்டத்துக்கும் உங்கள் ஊர் வெயிலுக்கும் அது ஒத்துவராது. மூன்று சிறிய பலகை வையுங்கள்: ஒன்று சைவம், ஒன்று ஹலால், ஒன்று மற்றவர்களுக்கு. ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக வையுங்கள், ஆறு மணிக்கு ஒன்று, ஏழு மணிக்கு ஒன்று. ஏழு மணிச் சுற்றை மத்தியானமே தட்டுகளில் அடுக்கி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

ஏன் ஒரு மணி நேரம் என்றால், அமெரிக்க விவசாயத் துறை சொல்கிற கணக்கு அது. கெட்டுப்போகக்கூடிய உணவு வெளியே இரண்டு மணி நேரம்தான் இருக்கலாம், வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் (நம் கணக்கில் 32 டிகிரி செல்சியஸ்) ஒரே மணி நேரம். டல்லாஸில் ஜூலை மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முழுசாக இருக்கும் காய்ந்த சலாமி உருளை வெளியே தாங்கும், அதற்காகத்தானே உப்பிட்டுக் காயவைக்கிறார்கள். ஆனால் வில்லை போட்டுவிட்டால் கதை வேறு, கொழுப்பு இளகி எண்ணெய் விடும். சீஸும் அப்படித்தான், அந்தச் சூட்டில் பால்கொழுப்பு இளகி மேலே வந்துவிடும், நீங்கள் வியர்வை என்று பார்த்தது அதைத்தான். முடிந்தால் பலகைகளை வெளியே வைக்காமல், தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம், ஏசி ஓடுகிற இடத்தில் வைத்துவிடுங்கள். ஆட்கள் தானாக உள்ளே வந்து எடுத்துப் போவார்கள், உங்களுக்கும் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

அளவு. பின்னால் சாப்பாடு இருப்பதால் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் சீஸ், இரண்டு அவுன்ஸ் இறைச்சி போதும். 24 பேருக்கு மூன்று பவுண்டு சீஸ். பன்றி சாப்பிடும் 12 பேருக்கு ஒன்றரைப் பவுண்டு, அதில் பிள்ளைகளும் உங்கள் தங்கையும் உண்டென்றால் ஒன்றேகால் போதும். ஹலால் பக்கம் அரைப் பவுண்டு. இதற்கு மேல் வாங்காதீர்கள், மிச்சம்தான் ஆகும்.

இப்போது சைவப் பலகை. இங்கேதான் நம் ஆட்கள் பலர் தெரியாமல் ஏமாறுகிறார்கள், கவுண்டரில் நின்று நூறு தடவை விளக்கியிருக்கிறேன். பால் உறைவதற்கு ரென்னெட் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது பால்குடிக்கிற கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு அந்தக் கன்று ரென்னெட்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் க்ருயேரும் விலங்கு ரென்னெட்தான். ரோக்ஃபோரில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட். ஆக, பேர்போன பல சீஸ்கள் சுத்த சைவம் இல்லை. அதே சமயம் பயப்படவும் வேண்டாம், 1990இல் இங்கே அனுமதி கிடைத்த பிறகு நுண்ணுயிர்களை வைத்து நொதிக்கச் செய்து எடுக்கும் ரென்னெட்தான் அமெரிக்கத் தொழிற்சாலை சீஸ் பெரும்பாலானவற்றில் போகிறது. லேபிளில் 'மைக்ரோபியல் ரென்னெட்' அல்லது 'வெஜிடபிள் ரென்னெட்' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வெறும் 'என்சைம்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று சொல்ல முடியாது, மாமனார் மாமியாருக்கு என்றால் நான் வாங்க மாட்டேன்.

இன்னொன்று, முட்டை சேர்க்காதவர்களுக்கு கிரானா படானோ வேண்டாம். அதில் லைசோசைம் என்று ஒன்று சேர்ப்பார்கள், அது முட்டை வெள்ளைக்கருவிலிருந்து வருவது. பால் பொருளில் முட்டை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? லேபிளில் எழுதியிருக்கும், படித்தால் போதும். பிரியோஷ் ரொட்டி, மயோனைஸ் கலந்த டிப் இரண்டும் அதே காரணத்துக்காக அந்தப் பலகைக்கு வேண்டாம்.

சைவப் பலகைக்கு என் தேர்வு: லேபிள் பார்த்து வாங்கிய, நன்றாக முதிர்ந்த 'ஷார்ப்' செடார், ஒரு சின்ன பிரீ, உருளையாக வரும் வெள்ளாட்டுப்பால் சீஸ், அப்புறம் நம் பனீர். பனீரைச் சின்னச் சதுரமாக வெட்டி, ஆலிவ் எண்ணெய், இடித்த மிளகு, எலுமிச்சைத் தோல் துருவல், உப்பு போட்டு முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தது என்பதால் ரென்னெட் கேள்வியே இல்லை, பெரியவர்கள் தைரியமாக எடுப்பார்கள்.

பன்றிப் பலகையில் ப்ரொஷூட்டோ (உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடை), ஜெனோவா சலாமி, பிஸ்தா போட்ட மார்டடெல்லா (வேகவைத்த பெரிய சாசேஜ்), மூன்று போதும். மாடு ஆகாது என்பதால் இரண்டு இடத்தில் கவனம். பெப்பரோனி பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது, சலாமியிலும் சிலது அப்படி. ப்ரெஸாவோலா, பாஸ்ட்ராமி முழுக்க மாடு. அப்புறம் டெக்சாஸ்காரர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை: கடையில் சொரீசோ என்று இரண்டு இருக்கும். ஸ்பெயின் சொரீசோ காய்ந்தது, வில்லை போட்டு அப்படியே தின்னலாம். மெக்சிகோ சொரீசோ பச்சை இறைச்சி, வாணலியில் போட்டு வேகவைத்தே ஆக வேண்டும். பேர் ஒன்றுதான் என்று தூக்கிப் பலகையில் வைத்துவிடாதீர்கள்.

ஹலால் பலகைக்கு மாட்டு சலாமிதான் எளிதாகக் கிடைக்கும், ஆனால் ஹலால் வான்கோழி அல்லது கோழி கிடைத்தால் அதை வாங்குங்கள், உங்கள் ஆட்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சிக்கன் சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் மேலே சுற்றிய உறை பன்றிக்குடலாக இருக்கலாம், அதையும் படியுங்கள். அந்தப் பலகைக்கும் மேலே சொன்ன மைக்ரோபியல் ரென்னெட் சீஸையே வையுங்கள். டிஜோன் கடுகு பலவற்றில் வெள்ளை ஒயின் இருக்கும், அதனால் அந்தப் பக்கம் சாதாரண மஞ்சள் கடுகு.

மூன்று பலகைக்கும் தனித்தனி இடுக்கி, தனித்தனிக் கத்தி, முன்னால் ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில். போன வருஷம் திராட்சையைத் தொடாமல் போனார்களே, அவர்களுக்கு அந்த அட்டைதான் பதில்.


கானாடுகாத்தான்:

புளிக்குழம்பு சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் காய்ந்த இறைச்சி என்றதும் எங்கள் ஆச்சி நினைவு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். சலாமி என்ற சொல்லே உப்பு என்பதிலிருந்து வந்தது, இத்தாலிக்காரர்களுக்கு உப்பு 'சாலே'. நமக்கு உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை எலும்பில்லாமல் பட்டை பட்டையாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் புரட்டி, நூலில் கோத்து முற்றத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். காக்காய்க்குப் பயந்து மேலே பழைய துணி கட்டியிருக்கும், கீழே எங்களில் ஒருவன் காவல். நாலைந்து வெயில் காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும், அப்புறம் பானையில் போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பன்றியை அடித்து அடுத்த கோடை வரைக்கும் வைத்துக்கொள்ள உப்பிட்டார்கள், நம் ஊரில் வெயிலையே வைத்து அதைச் செய்தார்கள்.

அட்லாண்டாவில் எங்கள் வீட்டுக் கூட்டத்தில் நான் உப்புக்கண்டமும் வைப்பேன். அது ப்ரொஷூட்டோ மாதிரி அப்படியே தின்கிற பொருள் இல்லை, நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, ஆறினதும் அம்மியிலோ உரலிலோ ஒரு தட்டு தட்டிப் பிய்த்து, சின்னக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ஜெர்க்கி என்ற காய்ந்த இறைச்சி தின்று பழகிய அமெரிக்கர்களுக்கு அது உடனே பிடித்துவிடும். ஆட்டுக்கறி என்பதால் மாடு வேண்டாம் என்பவர்களுக்கும் சிக்கல் இல்லை, ஹலால் கறியில் போட்டால் அந்தக் குடும்பமும் சாப்பிடலாம்.

கிராக்கருக்குப் பக்கத்தில் தட்டையும் முறுக்கும் வையுங்கள். மாங்காய்த் தொக்கும் செடாரும் எவ்வளவு பொருத்தம் என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.


புளிக்குழம்பு:

தொக்கு, செடார் இரண்டும் சேரும் என்பதை முழு மனசோடு ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் செடாரோடு சட்னி வைத்துத் தின்பது பழைய பழக்கம், அந்தச் சட்னி நம் பக்கத்திலிருந்து போனதுதானே. ஆனால் தட்டை முறுக்கு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அதில் பெருங்காயம், கறிவேப்பிலை, ஓமம் எல்லாம் இருக்கிறது, தனியாகத் தின்ன அமிர்தம், ஆனால் பிரீயை அதன் மேல் வைத்தால் பிரீ இருக்கிற இடமே தெரியாது. அதற்குப் பதில் உப்பு மட்டும் போட்ட நேந்திரங்காய்ச் சிப்ஸ் எடுங்கள். அதன் மேல் வெள்ளாட்டுப்பால் சீஸ் கொஞ்சம், மேலே ஒரு சொட்டு கருப்பட்டிப் பாகு. எங்கள் வீட்டில் இதற்குச் சண்டையே நடக்கும். கார்னிஷான் என்ற குட்டி வெள்ளரி ஊறுகாய்க்குப் பதிலாகக் காய்ந்த நார்த்தங்காயை மெல்லிய வில்லையாக அரிந்து வைத்தாலும் சரியாக இருக்கும், கொழுப்பின் திகட்டலைக் குறைக்க ஒரு புளிப்பும் உப்பும் வேண்டும், அவ்வளவுதான்.


இளவேனில்:

நான் மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருக்கிறேன். கர்ப்பிணியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக.

லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும், கர்ப்பிணிகளுக்கு அது வந்தால் குழந்தையைப் பாதிக்கும். அதனால் குளிர்ந்த சலாமி, ப்ரொஷூட்டோ, டெலி இறைச்சி எதுவும் தங்கைக்கு வேண்டாம். 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஆவி பறக்கச் சூடு பண்ணினால் சாப்பிடலாம். பாஸ்டரைஸ் செய்யாத (சூடாக்கிக் கிருமி நீக்காத) பாலில் செய்த மென்மையான சீஸ் கூடவே கூடாது. இங்கே விற்கும் பிரீ பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்ததுதான், ஆனாலும் ஆறு மாதம் என்றால் நான் செடார் மாதிரிக் கெட்டிச் சீஸோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். டெக்சாஸில் கேஸோ ஃப்ரெஸ்கோ என்று மெக்சிகோ சீஸ் எங்கேயும் கிடைக்கும், அதையும் தவிர்க்கவும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே அவருக்கென்று தனித் தட்டில் செடார், பழம், பாதாம், கிராக்கர் வைத்துக் கொடுத்துவிடுங்கள், எல்லாரும் கை வைத்த பலகையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயம்: ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், செர்ரியில் கொட்டையை எடுத்துவிடுங்கள், முழுப் பாதாம் முந்திரி அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் தேன் ஒரு துளிகூட வேண்டாம். வருகிறவர்களில் யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை இருக்கிறதா என்று இப்போதே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள், மார்டடெல்லாவில் பிஸ்தா இருப்பதையும் அட்டையில் எழுதுங்கள்.


வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரென்னெட் பற்றிப் படித்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன், நான் மாமியாருக்குப் பாஸ்தா மேல் இத்தனை நாளாகத் துருவிப் போட்டுக் கொடுத்தது பார்மிஜானோ. அவரிடம் சொல்லிவிட்டேன். தெரியாமல் நடந்ததுதானே, இனிமேல் பார்த்து வாங்கு என்று சொல்லிவிட்டார், ஆனாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்த தடவையிலிருந்து லேபிள் படிக்காமல் எதுவும் கூடையில் போடமாட்டேன்.

புளிக்குழம்பு அக்கா, இன்னும் மூன்று கேள்வி. சலாமியில் ரோஜாப்பூ மாதிரிச் செய்கிறார்களே, அது எப்படி? ப்ரொஷூட்டோவை எடுக்கும்போது எனக்குக் கிழிந்து கிழிந்து வருகிறது, அதற்கு என்ன வழி? பழம் எதெல்லாம் வைக்கலாம்?


புளிக்குழம்பு:

ரோஜா ரொம்பச் சுலபம். வாய் குறுகலான ஒயின் கிளாஸ் ஒன்று எடுங்கள். சலாமி வில்லையைக் கிளாஸின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே தொங்குகிற மாதிரி மடித்துப் போடுங்கள். அடுத்த வில்லை முந்தினதன் பாதியை மூடுகிற மாதிரி. இப்படியே ஒரு சுற்று முடிந்ததும் அதன் மேலேயே இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, நடுவில் ஓட்டை சின்னதாகிக்கொண்டே வரும். விரலால் ஓரத்தை லேசாக அழுத்திவிட்டு, கிளாஸை அப்படியே பலகையில் கவிழ்த்து மெல்லத் தூக்கினால் பூ நிற்கும். வில்லை சில்லென்று இருக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள், இளகிவிட்டால் இதழ் நிற்காது. ஒரு பலகைக்கு ஒரு பூ போதும், நிறைய வைத்தால் ஆட்கள் கலைக்கத் தயங்கி யாரும் எடுக்க மாட்டார்கள்.

ப்ரொஷூட்டோ நேர் எதிர். சில்லென்று இருந்தால் ஒட்டிக்கொண்டு கிழியும், அதனால் பத்துப் பதினைந்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். வெள்ளைக் கொழுப்பு இருக்கிற நீளப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் முழுசாக வரும், சிவந்த பக்கத்தைப் பிடித்தால் கிழியும். எடுத்த கையோடு சேலைக் கொசுவம் மடிக்கிற மாதிரித் தளர மடித்து வையுங்கள். தட்டையாக விரித்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, எடுக்கிறவர் நாலு வில்லையைச் சேர்த்துத் தூக்கிவிடுவார். அந்தக் கொழுப்பை வெட்டி எறியாதீர்கள், பார்மா ப்ரொஷூட்டோவில் பன்றித்தொடை, கடல் உப்பு, காற்று, ஒரு வருஷத்துக்கு மேல் காலம், வேறு எதுவும் கிடையாது, அந்த இனிப்பெல்லாம் கொழுப்பில்தான் இருக்கிறது.

பழத்துக்கு ஜூலையை விட நல்ல மாதம் இல்லை. உங்களுக்கு ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கத்து பீச் வருகிற சமயம், வாஷிங்டன் செர்ரியும் அப்போதுதான். பீச்சைத் தோலோடு கீற்றாக வெட்டி பிரீக்குப் பக்கத்தில் வையுங்கள். கேண்டலூப் முலாம்பழத்தைக் கீற்றுப் போட்டு ப்ரொஷூட்டோவைச் சுற்றினால், இத்தாலியில் கோடைக்காலம் முழுக்கச் சாப்பிடுகிற தட்டு அதுதான், இனிப்பும் உப்பும் குளிர்ச்சியும் ஒரே வாயில். ஜூலை 4 என்பதால் ஸ்ட்ராபெர்ரி, வெள்ளாட்டுப்பால் சீஸ், ப்ளூபெர்ரி மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் கொடியின் நிறம் தானாக வந்துவிடும், வேறு அலங்காரமே வேண்டாம். தர்பூசணி மட்டும் பலகையில் வேண்டாம், தண்ணீர் விட்டு கிராக்கரை நனைக்கும், தனிப் பாத்திரத்தில் வையுங்கள். கிராக்கரையும் பலகையில் அடுக்காமல் தனிக்கூடையில் வையுங்கள்.

வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் ஒரு பெரிய அலுமினியத் தட்டில் ஐஸ் கொட்டி அதன் மேல் எவர்சில்வர் தாம்பாளத்தை வையுங்கள். மரப்பலகை குளிரைக் கடத்தாது, நம் தாம்பாளம் நன்றாகக் கடத்தும்.


வைகைக்கரை:

ஜூலை 5, காலை பத்து மணி. வீடு இன்னும் ஒழுங்காகவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றையும் உள்ளே, கண்ணாடிக் கதவோரம் வைத்தேன், கல்யாணத்துக்குக் கொடுத்த தாம்பாளங்களில். முதல் சுற்று ஆறு மணிக்கு வைத்தது ஆறு ஐம்பதுக்கெல்லாம் காலி. முலாம்பழம் சுற்றிய ப்ரொஷூட்டோ பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஐந்து எடுத்தார் என்று அவர் மனைவியே சொன்னார். சைவத் தட்டின் முன்னால் மாமனார் அட்டையை முழுசாகப் படித்தார், அப்புறம் செடாரின் உறையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் படித்தார், அப்புறம் நேந்திரங்காய்ச் சிப்ஸ் மேல் ஆட்டுப்பால் சீஸும் கருப்பட்டிப் பாகும் வைத்து நாலு தடவை சாப்பிட்டார். ஊறப்போட்ட பனீர் முதலில் தீர்ந்தது, அடுத்த தடவை இரண்டு மடங்கு போட வேண்டும்.

ஹலால் கடையில் ஆட்டுக்கறி வாங்கி உப்புக்கண்டமும் போட்டேன், டல்லாஸ் வெயிலில் நாலு நாளில் கட்டையாகக் காய்ந்துவிட்டது. கணவரின் நண்பருடைய அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் ஊரில் ஹஜ் பெருநாளைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இப்படிக் கறி காயும் என்று சொன்னார், நானும் அவரும் அரைமணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். தங்கைக்குத் தனித் தட்டு கொடுத்ததில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம், எல்லாரும் இதைத் தின்னாதே அதைத் தின்னாதே என்று மட்டும் சொல்கிறார்கள், என்ன தின்னலாம் என்று யோசித்து வைத்தது இங்கேதான் என்றாள்.

ரோஜாவில் முதல் முயற்சி சரிந்துவிட்டது, வில்லை இளகியிருந்தது. இரண்டாவது நன்றாக நின்றது. குப்பைக்குப் போனது என்று பார்த்தால் ஒரு கை கிராக்கர், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது பிரீயில் கால் பங்கு, வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜிலேயே இருந்தது, அப்புறம் அரை டப்பா கார்னிஷான். அதை மாமியார் இன்று தயிர்சாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்.